நாசரேத்துக்குக் கப்பலேறிய கதை



திருகோணமலையிலிருந்து கடற்கரையோரமாக மூதூருக்குச் செல்பவர்கள் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தே செல்ல வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். சவூதி அரேபிய நிதியுதவியுடன் அமைக்கப்பட்டு, 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட 396 மீற்றர் நீளமான பாலம் அது. அதற்கு முன்னர், 'பாதை' என்று நாம் அழைத்த மிதவையில் ஏறியே அக்கரை சேர்ந்தோம். பாதை வரும்வரை கரையில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர் எந்தச் சமயத்தவராயினும் தேநீர் ஒன்றுதான், வாங்கு ஒன்றுதான். பாலம் வந்தது பெரும் நன்மை. ஆயினும் காத்திருப்பு ஒழிந்ததோடு அந்த வாங்கில் நடந்த உரையாடல்களும் குறைந்துவிட்டனவோ என்ற ஆதங்கம் இப்பத்தியை எழுதுபவனுக்கு உண்டு. ஆதலால் அவ்வழியே செல்லும்போதெல்லாம் கிண்ணியாவில் இறங்கி, நீண்டகாலமாகப் பழகிய ஒரு தேநீர்க்கடையில் சற்று நேரம் அமர்ந்துவிட்டுச் செல்வது வழக்கம்.

அண்மையில் அவ்வாறு அமர்ந்திருந்தபோது, கடை உரிமையாளரான முஸ்லிம் சகோதரர் தமது கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "சேர், உங்கட வேதத்தின்ட உண்மையான பிரதி துருக்கியில கிடைச்சிருக்காமே, பார்த்தீங்களா?" என்று கேட்டார். கேலி இல்லை, சவால் இல்லை. அயல்வீட்டில் திருமணமாமே என்று கேட்பது போலவே கேட்டார். தோலில் பொன்னிற எழுத்துகள் மின்னும் ஒரு பழைய நூலின் படம். பின்னணியில் ஒரு தமிழ்க்குரல். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் பழைமையான பர்னபாவின் நற்செய்தி கண்டெடுக்கப்பட்டுவிட்டது என்றும், அதில் இயேசு சிலுவையில் அறையப்படவில்லை என்று எழுதப்பட்டிருக்கிறது என்றும், வத்திக்கான் அதிர்ந்துபோயிருக்கிறது என்றும் அக்குரல் சொல்லிக்கொண்டு போயிற்று. "பார்த்துச் சொல்கிறேன், நானா" என்று மட்டும் கூறிவிட்டு எழுந்தேன்.

அன்று மாலை வீடு திரும்பியபோது, என் தங்கையின் மகன் அதே காணொளியைத் தன் தொலைபேசியில் காட்டினான். அது அவனுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதற்குப் பதிலடியாக அவனும் நண்பர்களும் வேறொன்றைத் தயாரித்து வைத்திருந்தார்கள். இஸ்லாமியரின் இறைத்தூதரைப் பற்றி எங்கிருந்தோ வெட்டி எடுத்த வரிகளைக் கோத்த ஒரு நீண்ட செய்தி. அதை இங்கு விவரிக்க விரும்பவில்லை. "மாமா, அவங்கள் அனுப்பினால் நாங்கள் சும்மா இருக்கிறதா?" என்று கேட்டான். ஒரு கிழமை பொறுத்திருக்குமாறு அவனிடம் வேண்டிக்கொண்டேன். இவ்வாரப் பத்தி அந்த ஒரு கிழமையில் பிறந்தது.

முதலில் அந்தத் துருக்கி நூலை நோக்குவோம். இச்செய்தி புதியதன்று. 2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவிய செய்தி அது. கடத்தற்காரர்களிடமிருந்து 2000ஆம் ஆண்டு கைப்பற்றப்பட்டதாகக் கூறப்பட்ட, சிரியாக் மொழியில் அமைந்த ஒரு தோல் நூல், அங்காராவிலுள்ள அருங்காட்சியகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டபோது, அது பர்னபாவின் நற்செய்தியாக இருக்கலாம் என்று பத்திரிகைகள் ஊகித்தன. ஊகம் சில நாள்களில் உறுதியாயிற்று. உறுதி சில வாரங்களில் 'வத்திக்கானின் அதிர்ச்சி' ஆயிற்று. ஆனால் அந்நூலின் புகைப்படத்தில் தெளிவாகத் தெரிந்த சில வரிகளைச் சிரியாக் மொழி அறிந்தவர்கள் வாசித்துப் பார்த்தார்கள். நினிவே நகரின் மடத்துத் துறவியர் கையால், ஆண்டவரின் 1500ஆம் ஆண்டில் எழுதப்பட்டது என்ற பொருளிலேயே அவ்வரிகள் அமைந்திருந்தன. 1500ஆம் ஆண்டு என்பதும் 1500 ஆண்டுப் பழைமை என்பதும் ஒன்றாகிவிடுமா? இடையில் பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அதுமட்டுமன்று. சிரியாக் மரபுத் துறவியர் அக்காலத்தில் கிரேக்கர் ஆண்டு எனும் கணக்கை இட்டு எழுதினார்களேயன்றி, கிறிஸ்து பிறப்பு ஆண்டை எழுதும் வழக்கம் கொண்டவர்களல்லர். எனவே 1500 என்ற அந்த எண்ணே பிற்காலத்தவர் கைவேலையாக இருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்புகிறது. பொன்னெழுத்து மின்னினால் பழைமை வந்துவிடாது.

இனி, பர்னபாவின் நற்செய்தி என்ற நூலுக்கு வருவோம். அப்படி ஒரு நூல் இல்லவே இல்லை என்று நம்மவர்கள் சிலர் சொல்வது தவறு. அது இருக்கிறது. அதன் இத்தாலிய மொழிக் கையெழுத்துப் படி வியன்னாவிலுள்ள ஒஸ்திரிய தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஸ்பானிய மொழிப் படி ஒன்று சிட்னிப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1907ஆம் ஆண்டில் லொன்ஸ்டேல் ராக், லோரா ராக் தம்பதியர் இத்தாலியப் படியை ஆங்கிலத்தில் பெயர்த்து ஒக்ஸ்போர்டில் வெளியிட்டார்கள். மறு ஆண்டே கெய்ரோவில் அதன் அரபு மொழிபெயர்ப்பு வெளியாயிற்று. ஒளித்து வைக்கப்பட்ட நூல் என்று காணொளி கூறுகின்ற நூல், நூறாண்டுக்கும் மேலாக எவரும் வாங்கி வாசிக்கக்கூடியதாகவே இருந்து வந்திருக்கிறது.

நானும் இருந்து வாசித்தேன். அருமை வாசகர்களே, உங்களுள் பலர் துறைமுகத்தருகே பிறந்து வளர்ந்தவர்கள்; கடலை அறிந்தவர்கள். ஆகவே அந்நூலின் இருபதாம் அதிகாரத்தை உங்களிடம் எடுத்துக் கூறினால் மேற்கொண்டு விளக்கம் வேண்டியிராது. இயேசு கலிலேயக் கடலுக்குச் சென்று, கப்பலேறி, தம் ஊராகிய நாசரேத்துக்குப் பயணமானார் என்று அந்நூல் கூறுகிறது. வழியில் புயல். புயல் அடங்கியபின் கப்பல் நாசரேத்தை அடைகிறது. மாலுமிகள் ஊருக்குள் சென்று நடந்த அற்புதத்தை எல்லாருக்கும் அறிவிக்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் இயேசு அங்கிருந்து கப்பர்நாகுமுக்கு 'ஏறிச்' செல்கிறார்.

நாசரேத்து ஒரு மலையூர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கலிலேயக் கடல் என்று நாம் அழைக்கும் ஏரியோ கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 210 மீற்றர் கீழே கிடக்கிறது. கப்பர்நாகும் அந்த ஏரியின் கரையிலேயே இருந்த மீனவர் ஊர். ஆகவே கப்பல் போய்ச் சேர வேண்டிய ஊருக்கு இயேசு மலையேறுகிறார். மலையேற வேண்டிய ஊருக்குக் கப்பலில் போய்ச் சேருகிறார். கந்தளாய்க்குக் கப்பலேறி, அங்கிருந்து திருகோணமலைத் துறைமுகத்துக்கு மலையேறியதாக ஒருவர் எழுதினால், அவர் நம் மாவட்டத்துக்கு வந்தவர் அல்லர் என்பதைக் கிண்ணியாவின் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். இயேசுவோடு கூடவே நடந்த சீடர் ஒருவர் எழுதிய நூலாக அது தன்னைக் கூறிக்கொள்கிறது என்பதுதான் இதில் வேடிக்கை.

இன்னுமொன்று. நாமெல்லாரும் 2025ஆம் ஆண்டை யூபிலி ஆண்டாகக் கொண்டாடினோம். விவிலியத்தின் லேவியர் நூலின்படி யூபிலி ஐம்பதாண்டுகளுக்கு ஒருமுறை வருவது. பர்னபாவின் நற்செய்தியோ அது நூறாண்டுக்கு ஒருமுறை வருவதாகக் கூறுகிறது. நூறாண்டுக் கணக்கு எங்கிருந்து வந்தது? 1300ஆம் ஆண்டில் திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் யூபிலியை அறிவித்தபோது அதை நூறாண்டுக்கு ஒருமுறை என வகுத்தார். திருத்தந்தை ஆறாம் கிளமென்ட் அதனை ஐம்பதாக மாற்ற, 1350ஆம் ஆண்டே மீண்டும் யூபிலி வந்துவிட்டது. எனவே நூறாண்டு யூபிலியை அறிந்த ஒருவர் 1300க்கு முன்னர் வாழ்ந்திருக்க முடியாது. பிலாத்து இயேசுவின் பிறப்பின்போதே ஆளுநராக இருந்ததாக எழுதியிருப்பது போன்ற பிழைகளை எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அறிஞர்களுள் பெரும்பாலோர் இந்நூலைப் பதினான்காம் நூற்றாண்டுக்கும் பதினாறாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டதாகவே கருதுகிறார்கள்.

நேர்மையாக ஒன்றையும் கூறவேண்டும். பர்னபாவின் பெயரால் ஒரு நற்செய்தி இருந்ததாக ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருச்சபைப் பட்டியல் ஒன்று குறிப்பிடுகிறது. அந்த நூலின் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. அதுவே இது என்பதற்குச் சான்று எதுவுமில்லை. அந்தப் பட்டியலை நாம் மறைத்துவிட்டு வாதாடினால், நாளை எவரேனும் அதை எடுத்துக் காட்டும்போது நாம் சொன்ன உண்மைகளும் சேர்ந்தே நம்பிக்கை இழந்துபோகும்.

இந்நூலைப் பற்றி முஸ்லிம் அயலவரோடு பேசும்போது இன்னுமொரு செய்தி நினைவிலிருப்பது நல்லது. குர்ஆன் ஈஸா நபியை 'மஸீஹ்' என்றே அழைக்கிறது. இந்நூலோ இயேசு தாம் மெசியா அல்லர் என்று மறுப்பதாகக் கூறுகிறது. எனவே இது நம் விவிலியத்தோடு மட்டுமன்றிக் குர்ஆனோடும் முரண்படுகிறது. முஸ்லிம் அறிஞர்கள் பலர் இதை ஆதாரமாகக் கொள்ளத் தயங்கியமைக்கு இதுவும் ஒரு காரணம். அப்படியிருக்க, இந்த நூலை வைத்துக்கொண்டு கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் எதிரெதிரே நிற்பது இருவருக்கும் சொந்தமல்லாத காணிக்காக எல்லைச் சண்டை போடுவது போலாகும். 1908இல் இந்நூலை அரபியில் பெயர்த்தவர் கலீல் சஆதே என்ற லெபனான் கிறிஸ்தவர் என்பதையும் இடையே சொல்லிவைக்கிறேன். நம் பக்கத்திலும் அதற்கு நிகரான ஒரு நிகழ்ச்சி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் போதகர் விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தபோது அவருக்குத் துணைநின்றவர் சைவப் பெரியாரான ஆறுமுக நாவலர். பின்னாளில் கிறிஸ்தவ மதப்பரப்பலை வன்மையாக எதிர்த்தவரும் அவரே. எதிர்ப்பதற்கு முன்னர் அந்நூலைச் சொல் சொல்லாகக் கற்றிருந்தார். இன்று வெட்டி ஒட்டிய செய்திகளை அனுப்புவோர் இரு பக்கத்திலும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்கிறார்களா?

இதுவரை வாசித்ததும் நம்முள் சிலருக்கு மனம் குளிர்ந்திருக்கலாம். ஆனால் ஏமாந்தவர்கள் அவர்கள் மட்டும்தானா?

2006ஆம் ஆண்டு மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். 'டா வின்சி கோட்' என்ற திரைப்படம் வெளிவந்தபோது, நம் ஆயர்களின் வேண்டுகோளுக்கிணங்க அரசாங்கம் அதனை இலங்கையில் தடைசெய்தது. தமிழ்நாட்டிலும் அவ்வாண்டில் அப்படம் தடைக்குள்ளாயிற்று. இயேசு மகதலா மரியாவை மணந்தார் என்ற கதையைச் சுற்றி ஒரு நாவலாசிரியர் பின்னிய மர்மக் கதை அது. தடை வந்ததும் நம் வீடுகளில் நிகழ்ந்தது என்ன? அதுவரை அந்நாவலின் பெயரையே கேள்விப்படாதவர்களும் திருட்டு இறுவட்டைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். தடையின் நோக்கத்தை நான் குறைகூறவில்லை. விசுவாசம் புண்படுவதைக் கண்டு ஆயர்கள் வாளாவிருக்க இயலாது. ஆனால் 'இது ஏன் உண்மையன்று?' என்று நம் பிள்ளைகள் கேட்ட கேள்விக்குத் தடை ஒரு விடையன்று. அந்த விடையை வீட்டில் நாமும் கொடுக்கவில்லை. படத்தை மறைத்தோம், கேள்வியை அப்படியே விட்டுவிட்டோம்.

ஆறு ஆண்டுகள் கழிந்து அதே கேள்வி ஆய்வு உடை அணிந்து வந்தது. 2012ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், உரோமை நகரில் நடந்த கோப்திக் மொழி ஆய்வு மாநாட்டில், ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேரன் கிங் ஒரு பப்பிரசுத் துண்டை அறிமுகப்படுத்தினார். பெயரட்டை அளவான துண்டு. அதில் இயேசு 'என் மனைவி' என்று கூறுவது போன்ற ஒரு வரி இருந்தது. உலகப் பத்திரிகைகள் யாவும் அதனை முகப்பில் இட்டன. 2014இல் அறிவியற் சோதனைகளின் முடிவும் வந்தது. பப்பிரசு பழையதுதான், ஏழாம், எட்டாம் நூற்றாண்டளவைச் சேர்ந்தது. மையிலும் நவீனக் கலப்பு எதுவும் தென்படவில்லை. அப்படியானால் உண்மைதானே என்று பலர் எண்ணினார்கள்.

இங்கேதான் விவிலிய ஆய்வாளரின் பொறுமை எத்தகையது என்பது வெளிப்பட்டது. அத்துண்டோடு அதே உரிமையாளரிடமிருந்து வந்த இன்னொரு துண்டு இருந்தது. யோவான் நற்செய்தியின் ஒரு பகுதி, அதே கையெழுத்து. கிறிஸ்டியன் அஸ்கிலண்ட் என்ற இளம் ஆய்வாளர் அதனை, 1924இல் அச்சிடப்பட்ட ஒரு பழைய கோப்திக் யோவான் நற்செய்தியின் பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார். அச்சு நூலில் வரி எங்கே முடிகிறதோ, ஒன்றுவிட்டு ஒரு வரியாகத் துண்டிலும் அங்கேயே முடிந்தது. இருபதாம் நூற்றாண்டு அச்சகத்தார் வரி மடித்த இடத்திலேயே எட்டாம் நூற்றாண்டுத் துறவியும் வரி மடித்திருக்க முடியுமா? அதுவன்றி, அத்துண்டு எழுதப்பட்டிருந்த வட்டார வழக்கு, அப்பப்பிரசு செடியாக வளர்வதற்கு முன்னரே வழக்கொழிந்துபோன ஒன்று. 'மனைவி' துண்டோ, தோமா நற்செய்தி எனப்படும் நூலின் சொற்களை அங்குமிங்குமாகப் பொறுக்கிக் கோத்தது போலிருந்தது. கணினி வழியாக 2002ஆம் ஆண்டில் வெளியான அந்நூற் படி ஒன்றில் தவறுதலாக ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அதே எழுத்து 'பழைய' துண்டிலும் விடுபட்டிருந்தது. பழைய வெற்றுப் பப்பிரசை வாங்கி, கரியால் மை கூட்டி எழுதிவிட்டால் சோதனைக்கூடத்தை ஏமாற்றலாம். எழுத்துப் பிழையை என்ன செய்வது? 2016இல் ஏரியல் சபார் என்ற செய்தியாளர் அத்துண்டின் உரிமையாளர் யார் என்பதைத் தேடிக் கண்டுபிடித்து எழுதியபின், பேராசிரியர் கிங் அவர்களே அது போலி என்ற பக்கமே சான்றுகள் சாய்வதாக ஒப்புக்கொண்டார். தவறியதை ஒப்புக்கொள்ளும் அந்தப் பண்பையும் நாம் மதிக்க வேண்டும்.

விசுவாசிகள் நடத்தும் நிறுவனங்களும் தப்பவில்லை. 2017ஆம் ஆண்டு வாசிங்டனில் பெருஞ்செலவில் திறக்கப்பட்ட விவிலிய அருங்காட்சியகம், சாக்கடற் சுருள்களின் துண்டுகள் எனத் தன்னிடம் பதினாறு துண்டுகளை வைத்திருந்தது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பதினாறுமே போலி என அறிவிக்கப்பட்டது. பழைய தோலொன்றில், அண்மைக் காலத்தில் எழுதப்பட்டவை. அதனைக் கண்டறியுமாறு ஆய்வாளர்களை அமர்த்தியதும், முடிவை உலகறிய வெளியிட்டதும் அந்த அருங்காட்சியகமே. அது அவமானம் என்று எண்ணுவோர் உண்டு. அதைவிடப் பெரிய சாட்சியம் அந்நிறுவனம் வேறெதுவும் கொடுத்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

அருமைப் பெற்றோரே, இவையெல்லாம் பேராசிரியர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று நீங்கள் கேட்கலாம். 2019ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். அவ்வாண்டு உயிர்ப்பு ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டுக்குச் சென்றவர்கள் குண்டுகளுக்கு இரையானார்கள். அந்தப் புண் இன்னும் ஆறவில்லை. கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, எவரும் பழிவாங்க எழக்கூடாது என்று மீண்டும் மீண்டும் வேண்டினார். மூன்று வாரங்கள் கழிந்து, மே மாதம் 12ஆம் திகதி, கத்தோலிக்கர் செறிந்து வாழும் சிலாபம் நகரில் என்ன நிகழ்ந்தது? முகநூலில் ஒருவருக்கு மறுமொழியாக, முஸ்லிம் வணிகர் ஒருவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்ற கருத்துடைய வரி. தம்மை ஏளனம் செய்த ஒருவருக்கு அவர் கூறிய பதில் அது. முன்னே இருந்த உரையாடலை வெட்டிவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் படமெடுத்துப் பரப்பியபோது, அடுத்த குண்டுத்தாக்குதலின் எச்சரிக்கையாக அது வாசிக்கப்பட்டது. கூட்டம் திரண்டது, கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் மீது கல் விழுந்தது. மறுநாள் வன்முறை குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களுக்குப் பரவி, ஒரு மனிதரின் உயிரையும் குடித்தது. அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியது.

யார், யாரிடம், எப்போது, எதற்கு மறுமொழியாகச் சொன்னார்? விவிலிய அறிஞர் ஒவ்வொரு திருவசனத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் கேட்கும் கேள்வி இதுவே. 1943இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் விவிலிய ஆய்வு பற்றிய தமது சுற்றுமடலில் இதனையே வற்புறுத்தினார். 1965ஆம் ஆண்டு நவெம்பர் 18ஆம் திகதி இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத்திரட்டும், எழுதியவரின் காலத்தையும் இலக்கிய வகையையும் கருதியே வசனத்தின் பொருளை உணர வேண்டும் என்கிறது. இறைவாக்குக்கு நாம் கொடுக்கும் இந்த மரியாதையை, ஒரு சாதாரண மனிதனின் ஒரு வரிக்குச் சிலாபத்தில் கொடுத்திருந்தால் போதுமாயிருந்தது. என் தங்கையின் மகன் கோத்து வைத்திருந்த செய்தியும் அதே வகையைச் சேர்ந்ததுதான். வெட்டி எடுத்த வரிகள், முன்னுமில்லை, பின்னுமில்லை. பர்னபாவின் பெயரில் நமக்குச் செய்யப்பட்ட தவறை, நாம் அவர்களுடைய நூலுக்குச் செய்யவிருந்தோம்.

கைத்தொலைபேசியைப் பிள்ளைகளிடமிருந்து பறித்துவிடுவதால் இது தீராது. அதே தொலைபேசியில் வேறு வாயில்களும் இருக்கின்றன. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ச் சுவடி 2009ஆம் ஆண்டு முதல் எவரும் காணுமாறு கணினி வழியாக ஒளிப்படங்களாக வெளியிடப்பட்டுள்ளது. கிண்ணியாப் பாலத்தில் நின்றுகொண்டே அதன் ஏடுகளைப் புரட்டலாம். எரிந்து கரிக்கட்டையாகிப் போன என்-கெதிச் சுருளை, திறவாமலேயே கதிர்ப்படம் எடுத்துக் கணினியால் விரித்து, அதனுள் லேவியர் நூலின் முதற்பகுதி இருப்பதை 2015இல் வாசித்தார்கள். இவற்றைப் பிள்ளையோடு சேர்ந்து அமர்ந்து பாருங்கள். சீனாய்ச் சுவடியில் மாற்கு நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுவதைக் காட்டுங்கள், 'மீதி எங்கே?' என்று அவன் கேட்பான். கேட்கட்டும். நம் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பின் முன்னுரைகளையும் அடிக்குறிப்புகளையும் அன்று முதன்முறையாகத் திறப்பீர்கள். காணொளியில் எவரோ ஒருவர் 'உங்கள் வேதத்தில் பிற்சேர்க்கை உண்டு' என்று முழங்கும்போது பதறாமலிருப்பவன், அதை முன்னரே தன் தந்தையிடம் கேட்டறிந்த பிள்ளை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இவ்வேலை இன்னும் கடினமாகிவிட்டது. 2023 மார்ச்சில் திருத்தந்தை பிரான்சிஸ் வெண்ணிறப் பருத்த மேலங்கி அணிந்து நடப்பது போன்ற போலிப் படத்தை நம்பியவர்களுள் நானும் ஒருவன். திருத்தந்தை பதினான்காம் லியோ, 2025 மே மாதத்தில் தெரிவான இரு நாள்களிலேயே கர்தினால்மாரிடம் பேசும்போது, தாம் அப்பெயரைத் தெரிந்தமைக்கான காரணங்களுள் இந்நுட்பம் எழுப்பும் சவாலையும் குறிப்பிட்டார். பொன்னெழுத்துச் சுவடியொன்றின் படத்தை உருவாக்க இன்று ஒரு நிமிடம் போதும். நாசரேத்து எங்கே இருக்கிறது என்பதை அறிய மட்டும் பழையபடி வரைபடத்தைத் திறக்க வேண்டியிருக்கிறது.

கிழமை முடிந்ததும் கிண்ணியாவுக்குச் சென்றேன். வரைபடத்தைக் காட்டி, கப்பல் நாசரேத்தை அடைந்த கதையைச் சொன்னேன். நானா முதலில் புருவம் நெரித்தார். பிறகு விளங்கியதும் வாய்விட்டுச் சிரித்தார். கடையிலிருந்த மீனவர் ஒருவர், அந்தக் கப்பலுக்கு எத்தனை சில்லு என்று கேட்டார். சிரிப்பு அடங்கியபின் நானா தமது பேரன் பாடசாலை நண்பனிடமிருந்து பெற்ற வேறொரு செய்தியைக் காட்டினார். யோசுவா கதிரவனை நிறுத்திய நாளை நாசா நிறுவனத்தின் கணினி கண்டுபிடித்தது என்ற பழைய கதை. "இது உண்மையா, சேர்?" என்றார்.

என் முகம் சிவந்தது. அக்கதையை நானே மறைக்கல்வி வகுப்பில் பல ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். ஹரல்ட் ஹில் என்ற அமெரிக்கர் 1970ஆம் ஆண்டளவில் பரப்பியது அது. நாசா அதனை மறுத்துவிட்டது. கணினிகள் தோன்றுவதற்கு முன்னரே, 1890இல் சார்ள்ஸ் டொட்டன் என்பவர் எழுதிய நூலொன்றில் அதன் வேர் இருக்கிறது. வானத்தில் தொலைந்த நாளை எந்தக் கணக்காலும் அவ்வாறு தேடிப் பிடிக்க இயலாது. பொய்தான், நானா, நானும் சொல்லித் திரிந்திருக்கிறேன் என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு பிளேன்டீ வந்தது.

பிறகு, உண்மையான பர்னபா யார் என்று கேட்டார். சைப்பிரசு தீவைச் சேர்ந்த லேவியர். தம் நிலத்தை விற்றுப் பணத்தைத் திருத்தூதரின் காலடியில் வைத்தவர். சவுல் மனம் மாறி எருசலேமுக்கு வந்தபோது, முன்பு தம்மைத் துன்புறுத்திய அவரைக் கண்டு சீடர்கள் எல்லாரும் அஞ்சி ஒதுங்கிய வேளையில், கைபிடித்து அழைத்துச் சென்று அவர்களிடம் சேர்த்தவர் என்று திருத்தூதர் பணிகள் நூலில் உள்ளதைக் கூறினேன். "அந்தப் பொடியன்மாரையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாங்க, சேர்" என்றார். அவர்களைப் பற்றி நான் ஏதோ ஒரு சொல் தவறி உதிர்த்திருக்க வேண்டும்.

தங்கையின் மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவன் எழுதிய செய்தி இன்னும் அனுப்பப்படாமல், அழிக்கப்படாமலும், அவனது தொலைபேசியிலேயே இருக்கிறது.